பாதி விலைக்கு வரும் ஹைப்ரிட் சூப்பர்கார்: முதலில் பேட்டரியின் தேதியைப் பாருங்கள்

அபுதாபியில் தொழில் செய்யும் அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2021-இல் பதிவான ஃபெராரி எஸ்எஃப்90 ஒன்று, புதுக்கார் விலையில் பாதிக்குச் சற்று மேல் வருகிறது. அதே ஃபெராரியின் 296 ஜிடிபி, மெக்லாரன் ஆர்ட்டூரா எல்லாமே விலை இறங்கிக் கிடக்கின்றன. வாங்கினால் வருஷத்துக்கு என்ன செலவு பிடிக்கும்? பேட்டரி போனால் காரே போச்சு என்கிறார்களே, உண்மையா?"

நான் பதினோரு வருஷமாக வளைகுடாவில் இந்த மாதிரி கார்களின் மின்சார வேலைதான் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வாங்கலாம். ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன நிறம், கார்பன் ஃபைபர் எங்கெங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், மின் மோட்டார்களை ஓட்டும் பெரிய பேட்டரியின், அதாவது ஹை வோல்டேஜ் பேட்டரியின், வாரன்டி எந்த மாதம் முடிகிறது, அதை நீட்டிக்க முடியுமா என்று பாருங்கள். இந்த வகைக் காரில் செலவைத் தீர்மானிப்பது அந்தத் தேதிதான். பெட்ரோல், டயர், சர்வீஸ் எல்லாம் அதற்குப் பிறகு.

விலை ஏன் இப்படி இறங்கியது என்பதிலிருந்து வருகிறேன், ஏனென்றால் அதில்தான் பாதி விடை இருக்கிறது. எஸ்எஃப்90 2019-இல் வந்தது. 4 லிட்டர் இரட்டை டர்போ வி8 இன்ஜின் 780 குதிரைத்திறன், மூன்று மின் மோட்டார்கள் சேர்ந்து 220, ஆக 1000. அதற்கு முன்னால் ஃபெராரியில் ஹைப்ரிட் என்றால் லாஃபெராரி மட்டும்தான். அது கூப்பே வடிவில் 499 கார், அதன்பின் 2016-இல் இத்தாலிய நிலநடுக்க நிவாரணத்துக்காக ஏலம் விட்ட ஒன்று (அந்த ஒரு கார் 70 லட்சம் டாலருக்குப் போனது), பிறகு கூரை திறக்கும் அபெர்ட்டா 210. அவ்வளவுதான். எஸ்எஃப்90 அப்படி எண்ணிக்கை போட்டுச் செய்த கார் இல்லை, ஆர்டர் கொடுத்தவர்களுக்கெல்லாம் செய்தார்கள். இரண்டே வருஷத்தில் 296 ஜிடிபி வந்தது. 3 லிட்டர் வி6, ஒரே ஒரு மோட்டார், மொத்தம் 830 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம், விலையும் குறைவு. ஓட்டிப் பார்த்த பலர் இதுதான் கையில் நன்றாக உட்காருகிறது என்றார்கள். என் கருத்தும் அதுதான். எஸ்எஃப்90-இல் ஹைப்ரிட் அமைப்பு மட்டும் 270 கிலோ. முன்னால் சாமான் வைக்க 74 லிட்டர் இடம், ஒரு சின்னப் பையும் செருப்பும் வைத்தால் நிறைந்துவிடும். இவையெல்லாம் விலையைக் கொஞ்சம் இறக்கின. மீதியை இறக்கியது பயம். வாரன்டி முடிந்த பிறகு பேட்டரிக்கு யார் பொறுப்பு என்ற பயம்.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் காரணம் தவறு. "பேட்டரி சின்னது, அதனால் மாற்றுவதும் மலிவாகத்தான் இருக்கும்" என்று ஒரு பக்கம், "கைபேசி பேட்டரி மாதிரி மூன்று வருஷத்தில் செத்துவிடும்" என்று இன்னொரு பக்கம். இரண்டும் சரியில்லை.

எஸ்எஃப்90-இன் பேட்டரி 7.9 யூனிட். வீட்டு இபி பில்லில் வருகிற அதே யூனிட்தான். 296-இல் 7.45, ஆர்ட்டூராவில் 7.4, லம்போர்கினி ரெவுவெல்ட்டோவில் வெறும் 3.8. இந்தச் சின்னப் பெட்டியிலிருந்து எவ்வளவு சக்தியை உறிஞ்சுகிறார்கள் என்று பாருங்கள். 2023-இல் வந்த டாடா நெக்ஸான் மின்சார காரில் 40.5 யூனிட் பேட்டரிக்கு 106 கிலோவாட் மோட்டார். இடைவிடாமல் முழு இழுவையில் வைத்தால் கணக்குப்படி இருபத்து மூன்று நிமிடத்தில் காலியாகும். எஸ்எஃப்90-இல் 7.9 யூனிட்டிலிருந்து 162 கிலோவாட்; மூன்று நிமிடம் தாங்காது. ரெவுவெல்ட்டோவில் 3.8 யூனிட்டிலிருந்து 140 கிலோவாட். ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நிஜத்தில் யாரும் அப்படித் தொடர்ந்து இழுப்பதில்லை, பிரேக் பிடிக்கும்போது திரும்ப நிரம்பும், இன்ஜினும் நிரப்பிக்கொண்டே இருக்கும். ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் செல்கள் ஒவ்வொரு முறையும் படும் பாட்டை நீங்கள் ஊகிக்கலாம். அதற்காகவே தனியாகச் செய்யப்பட்ட, அதிக சக்தியைத் தாங்கும் செல்கள் அவை. தனிக் குளிரூட்டல், தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி. சந்தையில் கிடைக்கிற செல்லை வாங்கி அடைக்கிற கதை இல்லை. சின்னதாக இருந்தும் விலை கூடுவது அதனால்தான்.

அதே சமயம், ஓட்டி ஓட்டித் தேய்வதைவிட இவை நின்று நின்று முதுமை அடைவதுதான் அதிகம். லித்தியம் செல்லுக்கு வயதாகும் வேகம் இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: வெப்பம், எவ்வளவு நிரம்பிய நிலையில் கிடக்கிறது என்பது. இந்த ஊரில் ஜூலை மாதம் மூடிய கராஜுக்குள் நாற்பது டிகிரியில் முழு சார்ஜில் இரண்டு மாதம் நிற்கும் கார், வாரம் தவறாமல் ஓடும் காரைவிட வேகமாகக் கிழடாகும். 4,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அந்த நான்கு கோடைகாலம் எங்கே நின்றது, ஏசி உள்ள இடமா என்று கேளுங்கள்.

அப்புறம், பேட்டரி போனால் காரே போச்சா என்று கேட்டீர்கள். பழைய சூப்பர்காரில் ஏதாவது ஒரு பாகம் போனால் மீதி காரை வைத்து எப்படியாவது வீட்டுக்கு வந்துவிடலாம். இவற்றில் அது கஷ்டம். எஸ்எஃப்90-இன் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் கியரே கிடையாது, மின் மோட்டார்தான் பின்னால் தள்ளுகிறது. ஆர்ட்டூராவும் அப்படித்தான். எடையைக் குறைக்கச் செய்த நல்ல யோசனை அது, பொறியாளர் கண்ணோடு பார்த்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பல ஹைப்ரிட்களில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும்கூட இல்லை. அதாவது ஹை வோல்டேஜ் பக்கம் ஏதோ கோளாறு என்று பாதுகாப்புக்காகத் தன்னைத் துண்டித்துப் பூட்டிக்கொண்டால், இன்ஜின் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் கார் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் பூட்டிக்கொண்டது என்பதற்கும் பேட்டரி செத்தது என்பதற்கும் வெகு தூரம். என்னிடம் வருகிற "பேட்டரி போச்சு" கார்களில் பெரும்பாலானவை போகவே இல்லை.

ஒன்று சொல்கிறேன். பெயர் வேண்டாம். துபாயில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது பேஸ்மென்ட். உரிமையாளர் கோடைக்கு இரண்டு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறார், கதவு திறக்கவில்லை, ஒரு விளக்கும் எரியவில்லை. ரெக்கவரிக்காரர் வந்து, சக்கரங்கள் பூட்டியிருப்பதால் தூக்க முடியாது என்று நின்றுகொண்டிருந்தார். உரிமையாளர் முகத்தில் பெரிய பில் வரப்போகிற பயம். கைப்பிடி பக்கத்தில் ஒளிந்திருக்கும் சாவித் துளையால் கதவைத் திறந்தோம், முன்மூடியைத் திறக்கும் அவசரக் கம்பியைத் தேடி இழுத்தோம், 12 வோல்ட் பேட்டரி மூன்று வோல்ட்டில் கிடந்தது. வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். சீட்டுக்குப் பின்னால் "டக்" என்று ஒரு சத்தம் வந்தது, பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் சுவிட்சான ஹை வோல்டேஜ் கான்டாக்டர் மூடுகிற சத்தம். அந்தச் சத்தம் வந்துவிட்டால் எனக்குப் பாதி நிம்மதி. பெரிய பேட்டரி ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் பத்திரமாக இருந்தது. அதை எழுப்பும் சின்ன பேட்டரிதான் செத்திருந்தது, காரணம் முந்தைய உரிமையாளர் பொருத்திவிட்டுப் போன ஒரு டிராக்கர். சொட்டுச் சொட்டாகக் குடித்திருக்கிறது. நிறுத்தும்போது அந்தச் சின்ன பேட்டரியை நிரப்பியே வைத்திருக்கும் பராமரிப்பு சார்ஜரைச் செருகி வைத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

இன்னொன்று இதைவிட முக்கியமானது, வளைகுடாவில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரு காரில் ஏசி குளிர்ச்சி குறைந்ததென்று உரிமையாளர் பக்கத்தில் இருந்த ஏசிக் கடையில் காஸ் ஏற்றியிருக்கிறார். ஒரு வாரத்தில் இன்சுலேஷன் கோளாறு, அதாவது எங்கோ மின்சாரம் கசிகிறது, என்று சிவப்பு எச்சரிக்கை, கார் நின்றுவிட்டது. வேறொரு இடத்தில் பேட்டரி முழுவதையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். எங்களிடம் வந்ததும் முதலில் செய்தது, ஆயிரம் வோல்ட் ரப்பர் கையுறையை எடுத்து, மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று கன்னத்தருகே வைத்துப் பார்ப்பது. அதன்மேல் தோல் கையுறை. ஹை வோல்டேஜைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடுவோம். பிறகு ஒவ்வொரு பாகமாகக் கழற்றி இன்சுலேஷனை அளந்தோம். பேட்டரி சுத்தம். மோட்டார் சுத்தம். ஏசி கம்ப்ரஸரில் அளவு கீழே விழுந்தது. இந்தக் கார்களில் கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடுவதில்லை, ஹை வோல்டேஜிலேயே ஓடுகிறது. மோட்டாரின் சுருள் ஏசி எண்ணெயிலேயே நனைந்துகொண்டிருக்கும். அதற்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை எண்ணெய்தான் போட வேண்டும். சாதாரண கார்களுக்குப் போடும் பிஏஜி எண்ணெய் காஸ் ஏற்றும் மெஷினில் ஒட்டியிருந்து கொஞ்சம் உள்ளே போனாலும் இன்சுலேஷன் கெட்டுவிடும். கம்ப்ரஸர் மாற்றி, குழாய்களை முழுக்க அலசியதும் கார் ஓடியது. பேட்டரிக்குச் சொன்ன தொகையில் சிறு பங்குகூட ஆகவில்லை. ஹைப்ரிட் காருக்கு ஏசி வேலை பார்க்கும்போது தனி மெஷின் வைத்திருக்கிறீர்களா என்று கேட்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சரி, காசுக்கு வருவோம்.

ஃபெராரியில் புதுக்காருக்கு ஏழு வருஷ வழக்கமான சர்வீஸ் விலையோடு சேர்ந்து வருகிறது, கைமாறினாலும் காரோடு போகும். 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது வருஷத்துக்கு ஒருமுறை. நீங்கள் பார்க்கும் 2021 காருக்கு அது 2028 வரை இருக்கும். ஆக எண்ணெய், ஃபில்டர் செலவை மறந்துவிடலாம். பொது வாரன்டி மூன்று வருஷம், முடிந்துவிட்டது. ஹைப்ரிட் பாகங்களுக்கு ஐந்து வருஷம், அது 2026-இல் முடிகிறது. இப்போது அந்த விலை எப்படி வந்தது என்று புரிகிறதா? 2024 ஜனவரியில் ஃபெராரி ஹைப்ரிட் பேட்டரிக்கென்று ஒரு நீட்டிப்புத் திட்டம் அறிவித்தது. வருஷத்துக்குச் சுமார் 7,000 யூரோ என்று செய்தி வந்தது. தொடர்ந்து சேர்ந்திருந்தால் எட்டாம் வருஷமும் பதினாறாம் வருஷமும் புதிய பேட்டரி போட்டுத் தருவார்கள். கூட்டிப் பார்த்தால் பெரிய தொகைதான், ஆனால் நான் இதை நல்ல ஏற்பாடு என்று மனமார நினைக்கிறேன். இருபது வருஷம் கழித்தும் இந்தக் கார் ஓட வேண்டும் என்று தயாரித்தவரே நினைக்கிறார் என்பதற்கு எழுத்தில் ஒரு ஆதாரம் அது. நாளை நீங்கள் விற்கும்போது, அந்தத் திட்டத்தில் இருக்கும் காருக்கும் இல்லாத காருக்கும் விலை ஒன்றாக இருக்காது.

அதனால் ஒப்பிடும்போது விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். நீட்டிப்பு இல்லாத காரின் விலையோடு, நீங்கள் வைத்திருக்கப்போகும் வருஷங்களுக்கு 7,000 யூரோ வீதம் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு வருஷம் என்றால் 28,000. அதற்குப் பிறகும் மலிவாக இருந்தால்தான் அது மலிவு. வாரன்டி அறுந்துபோன காரைத் திரும்பச் சேர்க்க வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற இடத்தில் முழுச் சோதனைக்குத் தயாராக இருங்கள், அதில் கண்டுபிடிக்கும் குறையைச் சரிசெய்யும் செலவும் உங்களுடையது.

ஆர்ட்டூரா இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். வண்டிக்கு ஐந்து வருஷம், பேட்டரிக்கு ஆறு வருஷம், மூன்று வருஷ சர்வீஸும் சேர்த்து. 120 டிகிரி வி6, 680 குதிரைத்திறன், பிறகு வந்தவற்றில் 700, எடை 1500 கிலோவுக்குள். ஓட்ட அருமையான கார். விலை வேகமாக விழுந்தது, இன்னும் விழலாம். அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் உங்கள் பட்டியலில் 296-க்கு அடுத்து நான் அதைத்தான் வைப்பேன்.

விலை விழுவதைச் செலவாக எண்ணாதவர்கள் நிறைய பேர். 10 லட்சம் திர்ஹம் கொடுத்து வாங்கிய கார் முதல் வருஷம் பத்து விழுக்காடு குறைந்தது என்று வையுங்கள், ஒரு லட்சம் போயிற்று. அதன் பக்கத்தில் நான்கு டயர், இன்ஷூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் சிறியவை. பிரேக்கைப் பற்றி மட்டும் ஒரு சொல்: மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்வதால் சாலையில் பேட் மெதுவாகத்தான் தேயும், ஆனால் கார்பன் செராமிக் டிஸ்க்கில் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று சக்கரத்தைக் கழற்றியே பாருங்கள். கழுவும் இடத்தில் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது உரசிவிடுகிறார்கள்.

ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய காரை இந்தியாவுக்கு இறக்குவது பெரும் தலைவலி, புதிது வாங்கினாலும் கணக்கு வேறு. லம்போர்கினி தெமெராரியோ 2025 ஏப்ரலில் இந்தியாவில் 6 கோடி ரூபாய்க்கு அறிமுகமானது, அது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 விழுக்காடு. அதாவது வரி மட்டுமே ஒரு கோடிக்கு மேல், காருக்கு எண் பலகை மாட்டுவதற்குள்.

எல்லா ஹைப்ரிட்டும் ஒரே ரகம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். செருகி சார்ஜ் ஏற்றத் தேவையில்லாத, சின்ன பேட்டரி வைத்த கார்கள் இருக்கின்றன. 2024-இல் வந்த போர்ஷே 911 ஜிடிஎஸ் டி-ஹைப்ரிட்டில் பேட்டரி 1.9 யூனிட்தான், ஹைப்ரிட்டால் கூடிய எடை 50 கிலோ அளவில். 541 குதிரைத்திறன். டர்போவுக்குள்ளேயே ஒரு மோட்டார் வைத்து, ஆக்சிலரேட்டரில் கால் வைத்த கணமே இழுக்கும்படி செய்திருக்கிறார்கள். கோர்வெட் இ-ரேவும் 1.9 யூனிட்தான்; 6.2 லிட்டர் வி8 பின்சக்கரங்களை ஓட்டும், முன்னால் ஒரு மோட்டார், மொத்தம் 655 குதிரைத்திறன், 2023-இல் அறிமுகமானபோது அமெரிக்காவில் ஆரம்ப விலை ஒரு லட்சத்து நாலாயிரம் டாலர் சொச்சமாக இருந்தது. தினம் ஆபீசுக்கு எடுத்துப்போக வேண்டும், பத்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் இந்த இரண்டைத்தான் சொல்வேன். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தை எழாமல், எஸ்எஃப்90 முன்சக்கர மோட்டாரில் மட்டும் சத்தமே இல்லாமல் வாசலைத் தாண்டி, நெடுஞ்சாலை ஏறியதும் முதுகுக்குப் பின்னால் வி8 கண் விழிக்கிறதே, அதை அனுபவித்தவருக்கு வேறு கார் பிடிக்காது. அதையும் ஒத்துக்கொள்கிறேன். பேட்டரியில் 25 கிலோமீட்டர் வரை போகும், 135 வேகம் வரை.

ஆக, இந்த வாரம் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள். ஹைப்ரிட் வாரன்டி தொடங்கிய தேதி எழுத்தில் வேண்டும். கார் தயாரான வருஷம் வேறு, வாரன்டி ஓட ஆரம்பித்த நாள் வேறு. நீட்டிப்புத் திட்டத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் அவர் செலவில் சோதனை செய்து சேர்த்துத் தருவாரா. ஏசியை எங்கே, எப்போது பார்த்தார். பிறகு நீங்கள் காசு கொடுத்தாவது அங்கீகாரம் பெற்ற சர்வீஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் பெரிய எழுத்தில் "நன்று" என்று போட்டிருப்பதைத் தாண்டி, செல் ஒவ்வொன்றின் வோல்டேஜும் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே நிற்க வேண்டும். ஏதாவது ஒன்று மட்டும் தனியாகக் கீழே தொங்கினால், விலையை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் புரியவில்லையென்றால் படம் எடுத்துப் போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.